இலக்கணச் சண்டை இருக்கட்டும், அந்த நோட்டை எழுதுவது யார்?

கேள்வி: என் மகள் நர்சிங் முடித்து, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். ஜெர்மனி போவதற்காக கோதே நிறுவனத்தின் பி1 (நடுத்தர நிலை) ஜெர்மன் மொழித் தேர்வு எழுதினாள். வாசிப்பு 73, கேட்டல் 67, பேச்சு 81. எழுத்தில் மட்டும் 46. அவளுடைய ஆசிரியரோ, “இலக்கணத்தை நினைத்துப் பயப்படாதீர்கள், பேசப் பேச வந்துவிடும்” என்கிறார். ‘வைல்’ (ஏனென்றால்) என்ற சொல் வந்தால் வினை கடைசியில் வர வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. கேட்டால், ஜெர்மன்காரர்களே அப்படிப் பேசுவதில்லை என்றாராம். ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இது பொறுக்கவில்லை. நைட் டூட்டி முடித்து வந்து டிபன் செய்வதற்குள் அவள் சோர்ந்துவிடுவதால் (மனைவிக்கு மூட்டுவலி, மகன் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறான்) எழுத்து வீட்டுப்பாடத்தை மட்டும் நான் போனில் மொழிபெயர்த்து எழுதித் தந்துவிடுகிறேன். வகுப்பை மாற்றிவிடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: ஐயா, வகுப்பை மாற்ற வேண்டாம். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம். வீட்டுப்பாடத்தை நீங்கள் எழுதித் தருகிறீர்கள். மகள் எழுத்தில் தோற்றிருக்கிறாள். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டு ஆசிரியர்மேல் பழி போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவர் இலக்கணம் பார்ப்பதில்லை என்கிறீர்கள். அவர் கைக்குப் போனதெல்லாம் உங்கள் போன் எழுதிய ஜெர்மன். அதில் திருத்த அவருக்கு என்ன இருந்திருக்கும்? உங்கள் மகள் எங்கே தடுக்கி விழுகிறாள் என்பதை அவர் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

நீங்கள் கிளப்பும் சண்டை பழையது. மரபான இலக்கணப் பாடத்தைத் தலைகீழாக்க வேண்டும் என்று மொழியறிஞர் வில்ஹெல்ம் ஃபியட்டோர் ஜெர்மனியில் துண்டறிக்கை வெளியிட்டது 1882-ல். அதற்குப் பிறகு ஊசல் பலமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துவிட்டது. உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது கனடாவில் நடந்தது. அங்கே 1965 முதல் ஆங்கிலக் குழந்தைகளுக்குப் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்திப் பார்த்தார்கள். வருடக்கணக்கில் படித்த பிள்ளைகளுக்குக் கேட்டுப் புரிந்துகொள்வது அருமையாக வந்தது. பேச்சிலும் எழுத்திலும் பிழை போகவில்லை. காதில் விழுந்தது போதாது, அவர்களே வாக்கியம் கட்டிப் பழகியிருக்க வேண்டும் என்றார் மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன், 1985-ல். உங்கள் மகளுக்கும் அதுதான் குறை. வாக்கியம் கட்டும் வேலையை அவளிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள்.

‘வைல்’ விஷயத்தில் புத்தகமும் சரி, ஆசிரியரும் சரி. பேச்சில் ஜெர்மன்காரர்கள் வினையை முன்னால் போடுவது சகஜம். எழுத்தில் போட்டால் பிழை. தேர்வில் மதிப்பெண் போகும். ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு இது பெரிய தொல்லையே இல்லை, வினை கடைசியில் வருவது நமக்குப் பழக்கம்தான். நம்மவர்கள் வழுக்குவது சாதாரண வாக்கியத்தில். ‘இன்று எனக்கு நைட் டூட்டி’ என்பதை ‘ஹொய்டெ இஷ் ஹாபெ...’ என்று ஆரம்பிப்பார்கள். ‘ஹொய்டெ ஹாபெ இஷ் நாஹ்ட்டீன்ஸ்ட்’ என்று வினை (‘ஹாபெ’) இரண்டாம் இடத்துக்கு வர வேண்டும். ஜெர்மன் தெரியாத நீங்களும் வாக்கியத்துக்கு வாக்கியம் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் சொற்களை எண்ணாதீர்கள். ‘அடுத்த திங்கட்கிழமை’ என்பது மொத்தமாக ஒரு இடம்.

பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ஆர்ட்டிகிள்களான டெர், டி, டாஸ் குழப்பம் அடுத்தது. ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷாஃப்ட்’ என்ற விகுதிகளில் முடியும் பெயர்ச்சொற்களுக்கு ‘டி’ போடலாம். மற்றவற்றை ஆர்ட்டிகிளும் பன்மையும் சேர்த்தே எழுதி மனப்பாடம் செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

பி1 எழுத்துத் தேர்வு 60 நிமிடம், மூன்று கேள்வி. நண்பருக்கு ஒரு மின்னஞ்சல், ஒரு விவாதத்தில் தன் கருத்து, இரண்டும் தலா சுமார் 80 சொல். பிறகு மரியாதை நடையில் சுமார் 40 சொல்லில் ஒரு மின்னஞ்சல். கேட்டதற்கெல்லாம் பதில் இருக்கிறதா, வாக்கியங்கள் கோத்து வருகின்றனவா, சொல்வளம், இலக்கணம் என்று நான்கையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். இலக்கணம் அதில் கால் பங்கு. கேள்வியில் தரும் குறிப்புகளில் ஒன்றை விட்டுவிட்டு, மீதியைப் பிழையில்லாமல் எழுதினாலும் மதிப்பெண் குறையும்.

வாரத்தில் நான்கு நாள், 20 நிமிடத்துக்குக் கடிகாரம் வைத்து, 80 சொல். போன் வேறு அறையில் இருக்கட்டும். ஆசிரியர் திருத்தும்போது பிழைக்கு அடியில் கோடு மட்டும் போடச் சொல்லுங்கள், சரியானதை எழுதித் தர வேண்டாம். லிஸ்டர், ரான்டா என்ற மொழி ஆய்வாளர்கள் இருவரும் கனடா வகுப்புகளைக் கவனித்து 1997-ல் எழுதினார்கள்: ஆசிரியரே சரியாகத் திருப்பிச் சொன்னபோது பல பிள்ளைகள் பிழையைக் கவனிக்கவே இல்லை, அவர்களையே திருத்த வைத்தபோது திருத்தினார்கள். கோடு போட்ட இடங்களை மகள் சரிசெய்து, மறுநாள் முழுக் கடிதத்தையும் பார்க்காமல் மறுபடி எழுதட்டும்.

அவளுக்கு நேரம் எங்கே என்பீர்கள். இரவு முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு வரும் பெண் வந்ததும் அடுப்படிக்குப் போகிறாள். வீட்டில் ஓய்வுபெற்ற அப்பா இருக்கிறார், வாலிபத் தம்பி இருக்கிறான். தம்பியின் படிப்பைக் காப்பாற்ற வீடே சேர்ந்து நிற்கிறது. அக்காவின் படிப்புக்கு யாரும் நிற்கவில்லை. அவள்மேல் உங்களுக்குப் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பாசத்தில் தவறான வேலையை வாங்கிக்கொண்டீர்கள். நாளை முதல் இட்லி ஊற்றுவது உங்கள் வேலை, சட்னி அரைப்பது தம்பியின் வேலை. அவள் வந்ததும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து எழுதட்டும். ஜெர்மனி மருத்துவமனையில் யாருக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று ஷிஃப்ட் முடியுமுன் அவளே எழுத வேண்டும். அதற்கு அப்பா கூடப் போக முடியாது.

முழுத் தேர்வையும் திரும்ப எழுதப் பணம் கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தேர்ச்சி 60, மூன்றில் அவள் தேறிவிட்டாள். எழுத்துப் பகுதிக்கு மட்டும் பதிவு செய்தால் போதும். அதற்கு முன், அடுத்த வகுப்பு நாளில் நீங்களே போய் ஆசிரியரைப் பார்த்து, இதுவரை வந்த கடிதங்களை எழுதியது யார் என்பதைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பொறுப்பையும் மகள் தலையில் கட்டாதீர்கள்.