4 அடிக்கு 3 அடி கலம்காரித் துணியை வீட்டிலேயே குறைந்த செலவில் ஃபிரேம் போட முடியுமா?

தாராளமாக முடியும். துணி என்பதால் முதலில் கண்ணாடியை மறந்துவிடுங்கள். இந்த அளவுக்கு 4 மி.மீ. கண்ணாடி மட்டுமே சுமார் 11 கிலோ வரும். ஆணிக்கும் ஆபத்து, பர்ஸுக்கும் ஆபத்து.

மரக்கடையில் ரீப்பர் கட்டை (மெல்லிய நீளக் கட்டை) வாங்கி, அங்கேயே அளவுக்கு அறுத்துக்கொள்ளுங்கள். நீளத்துக்கு இரண்டு, அகலத்துக்கு இரண்டு, நடுவில் குறுக்கே ஒன்று. இந்தக் குறுக்குக் கட்டையை விட்டுவிட்டால், துணியை இழுத்துக் கட்டியதும் சட்டம் நடுவில் உள்வாங்கிவிடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டையை நீளவாக்கில் பாருங்கள், வளைந்திருந்தால் வேண்டாம். மூலைகளில் ஃபெவிகால் தடவி, 'எல்' பட்டை வைத்து ஸ்க்ரூ போடுங்கள். அப்புறம் மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் கோணாமல், மூலைகள் செங்கோணமாக நிற்கிறது என்று அர்த்தம்.

பின்னால் மடிக்கச் சுற்றிலும் 2 அங்குலமாவது துணி வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் காடாத் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொள்ளலாம். துணியை இஸ்திரி போட்டு, சட்டத்தின் மேல் இழுத்துப் பின்னால் மடித்து, நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு ஸ்டேபிள் பின் அடியுங்கள், பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மூலையை நோக்கி அடித்துக்கொண்டே போங்கள். முதல் தடவை நான் மூலையிலிருந்து ஆரம்பித்தேன். படத்திலிருந்த யானை மலையேறுவது போலச் சாய்ந்துவிட்டது, அத்தனை பின்னையும் பிடுங்க வேண்டியதாயிற்று.

சுவரில் இரண்டு கொக்கியாக மாட்டுங்கள். வெயில் நேராக விழும் சுவர் மட்டும் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும்.