நாலரை வயதில் ஐ.க்யூ. டெஸ்ட்: வாசகர் கேள்வி–பதில்

கே: மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. செய்தித்தாள் தலைப்புகளைத் தானே வாசிக்கிறான். ஐ.க்யூ. சர்டிபிகேட் கொண்டுவந்தால் அடுத்த மாதமே ஒன்றாம் வகுப்பில் போடுகிறோம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்?
– வாசகி, தக்கலை

ப: தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். எந்த மார்க்கும் அதை மாற்றாது. காரணம் இதுதான் என்றால் இப்போது டெஸ்டே வேண்டாம். வகுப்பில் சலித்து அடம்பிடிக்கிறான், அல்லது கடகடவென்று வாசிக்கிறவன் பென்சிலைத் தொட மறுக்கிறான் என்றால் எடுக்கலாம்.

இந்த வயதுக்குப் பினே-காமத் என்ற இந்திய ஐ.க்யூ. டெஸ்ட் போடலாம். மூன்று வயதிலிருந்தே அது உண்டு. வெக்ஸ்லரின் சிறுவர் டெஸ்டான விப்சி, இரண்டரை முதல் ஏழரை வயது வரைக்கானது. மாலின் ஸ்கேல் என்ற இன்னொரு ஐ.க்யூ. டெஸ்ட் ஆறு வயதுக்கு மேல்தான். நாலரை வயதுப் பிள்ளைக்கு அதைப் போடுகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். டெஸ்ட் போடுபவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேளுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதலில் விசாரிக்கலாம். விரல் ரேகையை ஸ்கேன் செய்து திறமை சொல்லும் டி.எம்.ஐ.டி.க்கு மட்டும் பணம் கட்டாதீர்கள். ரேகைக்கும் அறிவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கே: ஆறு வயது மகளுக்கு நாகர்கோவிலில் பினே-காமத் போட்டு 141 என்றார்கள். நாலு மாதம் கழித்துத் திருவனந்தபுரத்தில் வெக்ஸ்லர் டெஸ்டில் 126. எதை நம்புவது?
– வாசகர், மார்த்தாண்டம்

ப: 126-ஐ நம்புங்கள். பிள்ளையின் அறிவு குறைந்துவிடவில்லை, அளவுகோல்தான் வேறு. பினே-காமத்தில் மன வயதை (பிள்ளையின் பதில்கள் எந்த வயதுக்குச் சமமோ, அதை) உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். சின்ன வயதுகளில் ஒவ்வொரு வயதுக்கும் ஆறு உருப்படிகள் (கேள்வி அல்லது சிறு வேலை), ஒன்று சரியானால் மன வயதில் இரண்டு மாதம். ஆறு வயது என்பது 72 மாதம். ஆகவே ஒரே ஒரு உருப்படி கூடக் குறையச் சொன்னாலே ஐ.க்யூ. 3 புள்ளி ஆடும். நாலரை வயதில் அதுவே 4 புள்ளிக்குப் பக்கம். போதாததற்கு, அது 1930களில் பம்பாய் மாகாணத்துக் கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்துத் தரப்படுத்திய டெஸ்ட். பழைய தரத்தில் இன்றைய பிள்ளைகளுக்கு மார்க் ஏறித்தான் வரும்.

வெக்ஸ்லர் ரிப்போர்ட்டில் 126-க்குப் பக்கத்தில் ஒரு வீச்சு போட்டிருக்கும், 120 முதல் 131 என்பது போல. அதுதான் உண்மையான விடை. அடுத்து, பகுதிவாரி மார்க்கைப் பாருங்கள். மொழியில் 138, வேகத்தில் 102 என்று இருந்தால் மொத்த எண்ணுக்கு அர்த்தமே குறைவு. வாசிப்புக்குப் பெரிய புத்தகம் கொடுக்கலாம், எழுத்து வேலைக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். மறுபடி எடுப்பதென்றால் ஓராண்டாவது போகட்டும். கேள்விகள் நினைவில் இருந்தால் மார்க் பொய்யாக ஏறும்.

கே: டெஸ்டுக்கு என்ன தயாரிப்பு? வீட்டில் மலையாளம் கலந்த தமிழ், பள்ளியில் ஆங்கிலம்.
– வாசகி, களியக்காவிளை

ப: பாடம் நடத்தாதீர்கள். பயிற்சி கொடுத்து வாங்கிய மார்க் எதற்கும் உதவாது. காலை நேரமாகக் கேளுங்கள். பள்ளி விட்டு, பஸ்ஸில் நாகர்கோவில் வரை வந்த பிள்ளை பாதியிலேயே கண்ணைக் கசக்கும். ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். சளி, காதுவலி என்றால் தள்ளிப்போடுங்கள். எந்த மொழியில் கேட்பார்கள், பிள்ளை எந்த மொழியில் பதில் சொன்னாலும் எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே பேசுங்கள். அது ரிப்போர்ட்டிலும் எழுதப்பட வேண்டும்.

இன்னொன்று: நேர்த்தி பார்க்கும் பிள்ளைகள் கட்டை அடுக்கும் பகுதியில் விளிம்பை மில்லிமீட்டர் பிசகாமல் ஒட்டவைக்கப் பார்த்து நேரத்தை இழப்பார்கள். தெரியாததற்கு ஊகித்துச் சொல்லவும் மாட்டார்கள். “தப்பானாலும் பரவாயில்லை, சொல்லு மக்களே” என்று முந்தின நாள் சொல்லிவைத்தால் போதும்.

கே: மார்க்கைச் சொந்தக்காரர்களிடம் சொல்லலாமா?
– வாசகர், குளச்சல்

ப: வேண்டாம். வகுப்பு ஆசிரியருக்குப் பகுதிவாரிப் பக்கத்தின் நகலைக் கொடுங்கள்.