முதல் சம்பளத்தில் துண்டு விழுகிறதே!

கேள்வி: அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த என் மகள் ஒரு கடையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மணிக்கணக்கு போட்டுப் பார்த்தால் கைக்கு வருவது குறைகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லைங்க. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம் எல்லோருக்கும் போலத்தான் அவளுக்கும் போகும், அது திரும்பி வராது. வருமான வரி வேறு கதை: சேர்ந்த அன்று அவசரமாக நிரப்பிக் கொடுத்தாளே, எவ்வளவு வரி பிடிப்பது என்று முதலாளிக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவம், அதை வைத்து ஒரு உத்தேசமாகப் பிடிக்கிறார்கள், வருடச் சம்பளம் நிலையான கழிவுக்குள் (வரி போடாமல் விடும் தொகை, standard deduction) அடங்கிவிட்டால் பிடித்த மத்திய வருமான வரி முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஆனால் கணக்கு தாக்கல் செய்தால்தான்! வருடம் முடிந்ததும் ஜனவரி 31-க்குள், சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தை முதலாளி தர வேண்டும். பிள்ளைகள் அதைத்தான் முதலில் தொலைப்பார்கள், நீங்கள் வாங்கி வையுங்கள். அப்புறம் ஏப்ரல் 15-க்குள் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.