தொழுநோய் குணமான பிறகு இதய நோய் வருமா?

"மாமாவுக்குத் தொழுநோய் வந்து குணமாகிவிட்டது. இப்போது பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கின்றன. தொழுநோய் இதயத்தையும் தாக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வைத்தியர் இல்லை. என் அப்பாவுக்கும் தொழுநோய் வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு தொழுநோய், இதயம் என்று இரண்டு கிளினிக்குகளுக்கும் பல வருடம் அலைந்தவன்.

தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ச்சியான இடங்கள்தான் பிடிக்கும். தோல், மூக்கு, கை கால் நரம்புகள். இதயத்தை அது நேராகப் பிடிப்பது அரிது. ஆபத்து சுற்றுவழியில் வருகிறது.

அப்பா 12 மாதக் குளிசைகளை ஒழுங்காகப் போட்டு முடித்தார். அதற்குப் பிறகு 'ரியாக்ஷன்' வந்தது. செத்த கிருமிகளின் மிச்சத்தோடு உடம்பு போடும் சண்டை அது. காய்ச்சல், சிவந்த கட்டிகள், நரம்பு வலி. அதை அடக்க பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரோய்டு மருந்து கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் கை மடங்கிப் போயிருக்கும், அதனால் அந்த மருந்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் குறைத்தால் ரியாக்ஷன் திரும்பும், திரும்பக் கூட்டுவார்கள். இப்படியே இரண்டு வருடம் போனது. முகம் உப்பியது, பிரஷர் ஏறியது, சீனியும் வந்தது. இதயத்தைக் கெடுக்கும் சாமான்கள் எல்லாம் இவைதானே.

அப்புறம் கால். இதய கிளினிக்கில் தினமும் நடக்கச் சொன்னார்கள். அப்பாவும் காலிமுகத்திடலில் நடந்தார். ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது அடியில் ஒரு சின்ன ஆணி ஏறி நிற்கிறது, சாரத்தின் ஓரமெல்லாம் இரத்தம். "எனக்கு ஒன்றும் தெரியேல்லையே தம்பி" என்றார். உணர்ச்சி இல்லாத பாதம். புண் ஆற நாலு மாதம். நடை நின்றது, எடை இன்னும் கூடியது.

அந்த டாக்டரில் பிழை இல்லை. பாதத்தைப் பற்றி அப்பா அவருக்குச் சொல்லவே இல்லை. தொழுநோய் கிளினிக் கொப்பியைப் பத்திரிகையில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார். ஒல்லாந்தர் 1708இல் கட்டிய ஹெந்தளைத் தொழுநோய் ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டாலே நடுங்கிய தலைமுறை அவருடையது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மருந்து தொடங்கினால் மற்றவருக்குத் தொற்றாது என்பதை அவருக்கு யாராவது முன்பே இருத்திச் சொல்லியிருக்கலாம்.

சரி, உங்கள் மாமாவுக்கு வருவோம். இரண்டு கொப்பிகளையும் இரண்டு கிளினிக்கிலும் காட்டுங்கள். குளோபாசிமின் (தோலைக் கறுக்க வைக்கும் குளிசை) இதயத் துடிப்பின் தாளத்தை மாற்றக்கூடியது, ஈசிஜி பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டும். டாப்சோன் (இதுவும் தொழுநோய்க் குளிசை) இரத்தச்சோகையைக் கொண்டுவரலாம், அப்போது படியேறவே மூச்சு வாங்கும். ரியாக்ஷனுக்கு தாலிடோமைட் கொடுத்திருந்தால் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றைக்கே கொண்டுபோங்கள். தொழுநோய் இதயத் துடிப்பைச் சீராக்கும் நரம்புகளையும் தொடலாம். சீனியும் இருப்பதால் நெஞ்சு வலி தெரியாமலே போகலாம், நோகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். திடீர் மூச்சுத் திணறலோ தலைச்சுற்றோ வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இப்போது அப்பா கதிரையில் இருந்தபடியே கை கால் பயிற்சி செய்கிறார். இரவில் பாதத்துக்குக் கீழே கண்ணாடி பிடித்துப் பார்ப்பது என் வேலை. செருப்பை உதறிப் பார்ப்பது அம்மாவின் வேலை.

இன்னும் ஒன்று. மாமா இன்னமும் பிரெட்னிசொலோன் போடுகிறார் என்றால், சீனி ஏறுகிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நீண்டகாலம் போட்டவர் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.