ஒன்றரைச் சாண் போர்வை: குறைமாதக் குழந்தைக்குப் பின்னுவது பற்றிக் கேள்வி பதில்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் க்ரோஷேயில் சின்னப் போர்வை பின்னுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்றால், ஊசியை எடுப்பதற்கு முன் அந்த வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள். சில இடங்களில் வெளித்துணி எதையும் உள்ளே விடமாட்டார்கள். சில இடங்களில் இவ்வளவு நீளம், இந்த நூல் என்று சொல்லியே அனுப்புவார்கள். பின்னி முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் உங்களுக்கும் வருத்தம், அவர்களுக்கும் சங்கடம்.

திருச்சியிலிருந்து ஒரு சித்தி: அக்கா, என் தங்கச்சிக்கு 28 வாரத்தில் பிரசவமாகிவிட்டது. பாப்பா இன்குபேட்டரில் இருக்கு. போர்வை எந்த அளவில் பின்னட்டும்? எத்தனை செயின் போடணும்?

28 வாரத்துக் குழந்தை ஏறக்குறைய 1 கிலோ இருக்கும், தலையிலிருந்து கால்வரை 35 செ.மீ. அளவுதான். அதற்கு 30 × 30 செ.மீ. போதும், ஒன்றரைச் சாணுக்குக் கொஞ்சம் குறைவு. 8 ப்ளை (நடுத்தரத் தடிமன்) பருத்தி நூல், 4 மி.மீ. க்ரோஷே ஊசி. நூல் 80 கிராம்வரை பிடிக்கும், 100 கிராமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே லாட் எண் பார்த்து வாங்குங்கள், பாதியில் நிறம் மாறாது.

தையல் மாஸ் ஸ்டிச். 54 செயின், அதாவது சங்கிலிக் கண்ணி, போடுங்கள். அடிச்செயின் மட்டும் 4.5 மி.மீ. ஊசியில். அது இறுகிவிட்டால் துணி கீழே ஒடுங்கி, மேலே விரிந்து முறம் மாதிரி ஆகிவிடும். ஊசியிலிருந்து 4-வது செயினில் ஒரு சிங்கிள், அதாவது க்ரோஷேயின் குட்டைத் தையல். பிறகு ஒரு செயின், அடியில் ஒன்றை விட்டு அடுத்ததில் சிங்கிள், இப்படியே கடைசிவரை. எண்ணினால் 26 சிங்கிள் வரவேண்டும். 2 செயின் போட்டுத் திருப்புங்கள். இரண்டாவது வரிசையிலிருந்து சிங்கிளின் தலையில் குத்தாதீர்கள். கீழ்வரிசையின் ஒற்றைச் செயின் விட்டிருக்கும் இடைவெளியில் குத்துங்கள். ஒவ்வொரு வரிசையின் கடைசி சிங்கிளும் திருப்பும்போது போட்ட 2 செயினின் பொந்தில் விழவேண்டும். எல்லாரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். அதை விட்டால் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து, ஓரம் சரிந்து, சதுரம் முக்கோணமாகும். பத்து வரிசைக்கு ஒருமுறை 26 இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

உயரத்துக்கு வரிசை எண்ண வேண்டாம். ஒரு மூலையைப் பிடித்துக் குறுக்காக மடியுங்கள், இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் சதுரம் வந்துவிட்டது. சுற்றிலும் ஒரு வரிசை சிங்கிள், மூலைக்கு மூன்று. முடிந்தது. சுருக்கு, பூ, குஞ்சம், பாசி, பட்டன், ரிப்பன் எதுவும் கூடாது.

ஒரு எச்சரிக்கை. 80 கிராம் என்பது அந்தக் குழந்தையின் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதை நெஞ்சின்மேல் போர்த்தக் கூடாது. சிஸ்டர் சொல்கிறபடி அடியிலோ பக்கத்திலோ இருக்கட்டும்.

சேலத்திலிருந்து: பின்னலில் ஓட்டை இருந்தால்தானே காற்றோட்டம்? ஷெல் டிசைன் போடலாமா?

வேண்டாம்மா. குறைமாதக் குழந்தையின் கால்விரல் பச்சைப் பட்டாணி அளவுகூட இருக்காது. அது பின்னலின் கண்ணுக்குள் நுழைந்து, குழந்தை காலை உதைக்கும்போது நூல் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் விரல் வீங்கும். வீங்க வீங்க நூல் இன்னும் இறுகும், ரத்தம் போகாது. ஒற்றைத் தலைமுடி சுற்றினாலே இப்படி ஆகிறது என்பது குழந்தை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. சீவிய பென்சிலை எடுத்துத் துணியில் எங்கே வேண்டுமானாலும் மெல்ல அழுத்துங்கள். கரி முனை போகலாம், மரம் நுழையக் கூடாது. நுழைந்தால் 3.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். பருத்தி, தையல் இடுக்கு வழியாகவே மூச்சு விடும், தனியாக ஓட்டை தேவையில்லை.

நாகர்கோவிலிலிருந்து: குளிருக்கு உல்லன் நூல்தானே நல்லது?

நம் ஊர்க் கடையில் "உல்லன்" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது அக்ரிலிக் என்ற செயற்கை நூல். சந்தேகம் இருந்தால் இரண்டு அங்குல நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கறுப்பாகக் கெட்டி மணியாகும். அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சாது. நிஜக் கம்பளி வெந்நீரில் சுருங்கிக் கட்டிதட்டிவிடும், பஞ்சுமயிரும் பறக்கும். இன்குபேட்டர் தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது, போர்வை சூடு கொடுக்க வேண்டியதில்லை. பருத்தி வாங்குங்கள்.

வேலூரிலிருந்து: வெல்வெட் மாதிரி மெத்தென்று ஒரு நூல் வருதே, அது?

இழை உதிரும். மூச்சே திணறுகிற குழந்தையின் பக்கத்தில் உதிரும் நூலே வேண்டாம்.

மதுரையிலிருந்து: பேபி உல்லன் என்றே லேபிள் போட்டிருக்கு, அதுவும் வேண்டாமா?

நாகர்கோவில் கேள்விக்குச் சொன்னதுதான். லேபிளின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் 100% பருத்தி என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு பெரியம்மா: எனக்கு ஒன்று விளங்கலை. நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் பழைய வேட்டித் துணியில்தான் ஏந்துவோம். அதைவிட மிருதுவானது எது? எதற்கு இந்த ஊசியும் நூலும்?

நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி சரி, பெரியம்மா. பத்து வருஷம் துவைத்த வேட்டியில் உதிரவேண்டிய இழையெல்லாம் உதிர்ந்திருக்கும். நெய்த துணி என்பதால் விரல் மாட்டும் கண்ணும் இல்லை. தோலில் நேராகப் படுவதற்கு அதுதான் முதல் தரம். ஆனால் இரண்டு விஷயம். கிழித்த ஓரத்தில் தொங்கும் இழை, பின்னல் ஓட்டையைப் போலவே விரலில் சுற்றும், அதனால் இரண்டு மடிப்பாக மடித்துத் தைக்க வேண்டும். கஞ்சியும் நீலமும் போட்ட வேட்டி வேண்டாம். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள்.

கோவையிலிருந்து: அக்கா, வேட்டித் துணி குழந்தை அசைந்தால் கயிறு மாதிரி சுருண்டுக்குது. கழுத்துப் பக்கம் போனால் ஆபத்தில்லையா?

அதுவும் உண்மை. ஒற்றை வேட்டித் துணிக்கு உடம்பு கிடையாது, முறுக்கிக்கொள்ளும். மாஸ் ஸ்டிச் துணி போட்ட இடத்தில் தட்டையாகக் கிடக்கும்.

கும்பகோணத்துப் பெரியம்மா: நாலாக மடித்துப் போட்டால் சுருளாது. காலங்காலமாகப் போட்டதுதானே?

மடித்துத் தைக்காவிட்டால் மடிப்பு பிரியும், பெரியம்மா. மடிப்புக்குள் கை போகும். வீட்டில் மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிற குழந்தைக்குப் பரவாயில்லை. இந்தக் குழந்தையின் உடம்பில் டியூபும் ஒயரும் இருக்கின்றன.

கோவையிலிருந்து: அப்போ இரண்டையும் சேர்த்துத் தைத்தால்?

சேர்க்கலாம், நன்றாக வரும், ஆனால் முறை இருக்கிறது. முதலில் இரண்டையும் தனித்தனியாக வெந்நீரில் துவைத்துக் காயவையுங்கள். பின்னல் சுருங்கும், பழைய வேட்டி சுருங்காது. துவைக்காமல் சேர்த்தால் முதல் சலவையிலேயே பின்னல் இழுத்துக்கொண்டு வேட்டிப் பக்கம் பை மாதிரித் தொங்கும். காய்ந்த பின்னலை அளந்து, நாலு பக்கமும் 1 செ.மீ. கூடுதலாக வேட்டியை வெட்டி, உள்ளே மடித்து, ஓரம் முழுக்கப் பொடித் தையல் போடுங்கள். அதோடு விடக் கூடாது. நடுவிலும் 5 செ.மீ.க்கு ஒன்றாக வெள்ளைப் பருத்தி நூலில் இரண்டு துணியையும் குத்திப் பிடியுங்கள். ஊசியைப் பின்னலின் நூலுக்குள்ளேயே ஓட்டினால் மேல்பக்கம் தையல் தெரியாது. இப்படிப் பிடிக்காவிட்டால் இரண்டுக்கும் நடுவே பை உண்டாகும், ஓரம் ஒரு இடத்தில் விட்டால் கை உள்ளே போய்விடும். வேட்டிப் பக்கம் குழந்தையின் தோலுக்கு, பின்னல் பக்கம் வெளியே.

கும்பகோணத்துப் பெரியம்மா: அது சரி. ஆனாலும் வேட்டி மட்டுமே போதும் என்பதுதான் என் கட்சி.

குழந்தையை அம்மா நெஞ்சோடு தோலோடு தோல் அணைத்து வைக்கிற கங்காரு முறைக்கு உங்கள் கட்சிதான் நானும். 1978-இல் கொலம்பியாவின் பொகோடா நகரில், இன்குபேட்டர் போதாமல்தான் அதைத் தொடங்கினார்கள். இப்போது உலகச் சுகாதார நிறுவனமே, குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 8 மணி நேரம் அப்படி அணைத்து வைக்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் குழந்தையின் முதுகுப் பக்கம் போர்த்த, வேட்டியை இரண்டு மடிப்பாகத் தைத்ததே போதும். குழந்தையின் மூக்கும் வாயும் எப்போதும் கண்ணில் படவேண்டும், அது மட்டும் முக்கியம்.

தூத்துக்குடியிலிருந்து: அம்மா வாசனைக்கு என்று சின்னச் சதுரம் இரண்டு பின்னுவார்களாமே, அது எப்படி?

நல்ல கேள்வி. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அம்மாவும் குழந்தையும் வேறு வேறு இடத்தில் படுத்திருக்கும்போது, ஒரே மாதிரி இரண்டு சதுரம். 28 செயின் போட்டால் வரிசைக்கு 13 சிங்கிள், 15 செ.மீ. வரும். ஒன்றுக்கு 20 கிராம் நூல். ஒன்றை அம்மா இரவு முழுக்க மார்போடு உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். மற்றது குழந்தையின் பக்கத்தில். மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். அம்மா வாசனை குழந்தைக்குப் போகும். குழந்தையின் வாசனை பட்ட சதுரத்தை முகர்ந்துகொண்டே பால் பீய்ச்சினால் பால் இறங்குவது எளிதாகிறது என்று அம்மாக்கள் சொல்வார்கள். அந்த நாட்களில் அம்மா பவுடர், சென்ட் போட வேண்டாம். பால் பட்டால் உடனே துவைக்க வேண்டும், அதனால் இரண்டு ஜோடியாகப் பின்னுவது உத்தமம்.

ஈரோட்டிலிருந்து: நூல் முனையை எப்படி முடிப்பது? முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிவிடலாமா?

முடிச்சே கூடாது. முடிச்சு தோலில் உறுத்தும், பருத்தியில் வழுக்கி அவிழவும் செய்யும். 15 செ.மீ. வால் விடுங்கள். மொட்டைமுனை ஊசியில் கோத்து, ஒரு திசையில் 5 செ.மீ., திரும்பி 5 செ.மீ., மறுபடி முதல் திசையில் கொஞ்சம். திரும்பும்போது வந்த வழியே போகாமல் ஒரு இழையைத் தாண்டித் திரும்புங்கள், அதுதான் பூட்டு. பிறகு துணியை நாலு பக்கமும் இழுத்துவிட்டு வெட்டுங்கள். இழுக்காமல் வெட்டினால் முதல் துவையலில் முனை எட்டிப்பார்க்கும். புதுப் பந்தை வரிசையின் நடுவில் சேர்க்காமல் ஓரத்தில் சேருங்கள்.

கடலூரிலிருந்து: முடித்தபின் சாம்பிராணி காட்டிக் கொடுக்கலாமா?

கூடாது. குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது. ஊதுபத்தி, சிகரெட் வாடை பட்ட வீட்டுத் துணியும் அப்படித்தான்.

இதைவிட முக்கியமானது அந்துருண்டை. பீரோவில் அந்துருண்டையோடு வைத்திருந்த நூலையோ வேட்டியையோ இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அதிலுள்ள நாஃப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை உண்டு என்று பார்த்தால் தெரியாது.

ராமநாதபுரத்திலிருந்து: எப்படித் துவைப்பது?

கொதிக்கிற தண்ணீர் ஒரு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரி வரும். வாசனையில்லாத சோப்பில் பத்து நிமிஷம் ஊறவைத்து, மூன்று தண்ணீர் அலசுங்கள். மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பருத்தி தன் கனத்திலேயே நீளும், துண்டின்மேல் பரப்பிக் காயவையுங்கள், மேலே மெல்லிய துணி மூடி. அடர்ந்த நிறம் என்றால் முதலில் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம். சுருங்குமா என்று 24 செயினில் மாதிரி ஒன்று பின்னித் துவைத்து அளந்தால் தெரிந்துவிடும். குறைந்தால் 2 செயின் கூட்டுங்கள், 1.2 செ.மீ. அகலம் கூடும்.

தஞ்சாவூரிலிருந்து: இணையத்தில் எடுத்த குறிப்பில் "டபுள்" என்று இருக்கு. பின்னினால் கண் பெரிதாக வருது.

அது பிரிட்டிஷ் குறிப்பு. அவர்கள் டபுள் என்பது அமெரிக்கர்களின் சிங்கிள். நீங்கள் அமெரிக்க டபுள் போட்டிருக்கிறீர்கள், அது உயரத் தையல். பிரித்துவிட்டுச் சிங்கிளில் போடுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: உல்லன் நூல் மிச்சம் இருக்கு, அதில் போடலாமா?

பருத்தி. நாகர்கோவில் பதிலைப் படியுங்கள்.

புதுச்சேரியிலிருந்து: ஆக்டோபஸ் பொம்மை நல்லதாமே?

டென்மார்க்கில் 2013-இல் தொடங்கியது. கைகளைத் தொப்புள்கொடி என்று நினைத்துக் குழந்தை பிடித்துக்கொள்ளும் என்பார்கள். அதற்கு உறுதியான ஆராய்ச்சிச் சான்று இல்லை. பின்னுவதானால் கை ஒவ்வொன்றும் இழுத்து அளந்தாலும் 22 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, கழுத்தைச் சுற்றும். வார்டு ஒப்புக்கொண்டால் மட்டும்.

திருச்சிச் சித்தி மறுபடியும்: அக்கா, பாப்பா வீட்டுக்கு வந்தபின் தொட்டிலில் இந்தப் போர்வையைப் போட்டுத் தூங்கவைக்கலாமா?

கூடாதும்மா. ஒரு வயது முடியும்வரை, தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் தளர்வான போர்வை, தலையணை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. மூக்கை மூடினால் தள்ளிவிட அதற்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கருவி எந்நேரமும் பார்த்துக்கொண்டிருந்தது, வீட்டில் அது இல்லை. விழித்திருக்கும்போது மடியில் விரித்துப் படுக்கவைக்கவும், குப்புறப் போட்டுப் பழக்கவும், பால் கொடுக்கும்போது கையில் பிடித்துக்கொள்ளவும் கொடுங்கள். கண் சொருகியதும் எடுத்து மடித்து வைத்துவிடுங்கள்.