திராட்சையா, கொடிமுந்திரியா? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் அப்பத்தா திராட்சையைக் ‘கொடிமுந்திரி’ என்கிறார். சரிதானா? (தேவகோட்டை)

மிகச் சரி. முந்திரி, முந்திரிகை என்றாலே ஒரு காலத்தில் திராட்சைதான். 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரத்துக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்ததால், இதற்குக் ‘கொடி’ என்ற அடை தேவைப்பட்டது. மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சை. இலங்கைத் தமிழில் முந்திரிகை. கொழும்புக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்கள் வீட்டில் அந்தச் சொல் காதில் விழலாம். உலர்ந்த திராட்சைக்கு நாம் சொல்லும் ‘கிஸ்மிஸ்’ பாரசீகச் சொல். அப்பத்தா சொல்லைப் பேரப்பிள்ளைகளும் பழகட்டும். தொலைந்தால் திரும்பக் கிடைக்காது.

கேள்வி: பின்கட்டில் பன்னீர் திராட்சை வைத்து மூன்று வருடம். பந்தல் நிறைய இலை, ஒரு கொத்துகூட இல்லை. (பள்ளத்தூர்)

கவாத்து செய்திருக்க மாட்டீர்கள். முற்றிய கொம்பை வெட்டியதும் வரும் புதுத்தளிரில்தான் பூங்கொத்து வரும். இலைக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள்: சுருண்ட பற்றுக்கம்பி இருக்கும். கொத்து வருவதும் அதே இடத்தில்தான். இரண்டும் ஒரே மூலத்தில் பிறப்பவை.

மார்கழிக் கடைசியில், மழை விட்டபின் வெட்டுங்கள். ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பென்சில் பருமனுள்ள பழுப்பேறிய கொம்பில் 4, 5 கணு விட்டு மேலே நறுக்குங்கள். பச்சைக் கொம்பை நம்ப வேண்டாம். நான்கு மாதத்தில் பழம். ஐப்பசி மழையில் பூக்கும்படி வெட்டினால் அடிச்சாம்பல் நோய் கொத்தையே கருக்கிவிடும். செம்புறாங்கல் தரையில் குழி ஆழமில்லாவிட்டால் அடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மூன்றடிக் குழி வெட்டி மண், மணல், தொழுவுரம் கலந்து நிரப்பியிருக்க வேண்டும்.

கேள்வி: புளிப்பாக இருக்கும் பழத்தை வைத்திருந்தால் இனிக்குமா?

இனிக்காது. மாம்பழம்போல் பறித்தபின் பழுக்கும் இனமல்ல இது. கடையில் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

கேள்வி: பழத்தின் மேல் வெள்ளையாக இருப்பது மருந்தா?

சீராகப் படர்ந்து, விரலால் தேய்த்ததும் போனால் பழத்தின் சொந்த மெழுகு. திட்டுத்திட்டாக, நீலம் பாய்ந்து இருந்தால் மருந்துப் படிவாக இருக்கலாம். எதுவானாலும் தின்னும்போதுதான் கழுவ வேண்டும். கழுவி வைத்தால் காம்படியில் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும்.

கேள்வி: பாயசத்தில் கிஸ்மிஸ் போட்டதும் பால் திரிந்துவிட்டது. (காரைக்குடி)

கிஸ்மிஸில் புளிப்பு உண்டு. கொதிக்கும் பாலில் அது இறங்கினால் திரியும். முந்திரியை நெய்யில் சிவக்க வறுத்து எடுத்தபின் அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே கிஸ்மிஸைப் போடுங்கள். உருண்டையாக உப்பியதும் எடுத்துவிட வேண்டும். விட்டால் கருகிக் கசக்கும். பாயசத்தை இறக்கி, ஆவி அடங்கியபின் சேருங்கள்.