அசையும் நாண் ஆரோக்கியமான நாணா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 38. மூன்று மாதமாகக் குரல் கம்மியே இருக்கிறது. கேமரா வைத்துப் பார்த்த மருத்துவர், ‘குரல் நாண்கள் நன்றாகத் திறந்து மூடுகின்றன’ என்றார். இப்போது இன்னொரு மருத்துவர் ஸ்ட்ரோபோஸ்கோபி எடுக்கச் சொல்கிறார். அதே இடத்தைத்தானே பார்க்கப் போகிறார்கள்? அவசியமா?

பதில்: இடம் அதேதான், ஆனால் பார்க்கப்போவது வேறு. மூச்சுக்குத் திறந்து பேச்சுக்கு மூடுவதைச் சாதாரண வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம். நாண் அசையாமல் போகும் வாதமோ பெரிய கட்டியோ இருந்தால் அதிலேயே தெரிந்திருக்கும். நீங்கள் பேசும்போது அந்த நாண்கள் விநாடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. அது கண்ணுக்கு வெறும் மங்கலாகத்தான் தெரியும். 45 நிமிட வகுப்பில் உண்மையாகக் குரல் எழும்புவது 20 நிமிடம் என்று வையுங்கள். மோதல் கணக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தை எட்டும். கோளாறு பெரும்பாலும் அந்த மோதலில்தான்.

டியூப் லைட் வெளிச்சத்தில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுவது போலவோ பின்னோக்கிப் போவது போலவோ தோன்றுமே, அதே தந்திரம்தான் இது. கழுத்தில் வைக்கும் மைக் உங்கள் சுருதியைப் பிடிக்கும். நாண் 200 தடவை அதிர்ந்தால் விளக்கு 198 அல்லது 199 தடவை மின்னும். ஒவ்வொரு மின்னலிலும் அதிர்வின் கொஞ்சம் தள்ளிய கட்டம் தெரியும். எல்லாம் சேர்ந்து நிதானமான அசைவாகிவிடும். 1878-இல் ம்யூனிக்கில் ஓர்ட்டல் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த யோசனை, இன்னும் ஓடுகிறது.

அதில் என்ன தேடுவார்கள்? நாணின் மேல்தோலில் ஓர் அலை புரண்டு போக வேண்டும், குளத்து நீர்போல. ஒரு பக்கம் அலை நின்றுபோயிருந்தால் அங்கே தோல் விறைத்திருக்கிறது, காரணம் தேட வேண்டும். அப்புறம், மூடும் விதம். ஆசிரியர்களுக்கு வரும் முடிச்சு, நாண்கள் பலமாக மோதும் நடுப்பகுதியில்தான் வரும், இரு பக்கமும். நடுவில் முட்டிக்கொண்டு முன்னும் பின்னும் இடைவெளி விழும், உடுக்கை மாதிரி. காற்று அந்த வழியாகக் கசிவதால்தான் குரல் கம்முகிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. குரல் மிகவும் கரகரத்து ஒழுங்கே இல்லாமல் அதிர்ந்தால் விளக்கு தடுமாறும். அப்போது விநாடிக்கு ஆயிரக்கணக்கில் படமெடுக்கும் அதிவேக கேமரா வேண்டும். அது எல்லா ஊரிலும் கிடைக்காது. கழுத்தின் இரு பக்கமும் தகடு வைத்து மிகச் சிறிய மின்சாரம் செலுத்தும் எலக்ட்ரோகிளாட்டோகிராபியும் உண்டு. நாண்கள் எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கின்றன என்பதை அது காட்டும். எந்த இடத்தில் ஒட்டுகின்றன என்று சொல்லாது. எனவே அதை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டேன்.

சரி, பரிசோதனைக்குப் போகும்போது ‘ஈ’ என்று நீட்டச் சொல்வார்கள். பயத்தில் மெல்லிசாகச் சொல்லி முடித்துக்கொள்ளாதீர்கள். வகுப்பில் பேசும் குரலிலும் ஒருமுறை, உச்ச சுருதியில் சத்தம் குறைத்தும் ஒருமுறை சொல்லுங்கள். சின்ன வீக்கம் அந்த மெல்லிய உச்சத்தில்தான் பிடிபடும். வீடியோவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குரல் பயிற்சிக்குப் பிறகு ஒப்பிட உதவும். மூன்று மாதம் என்பதே அதிகம், இனித் தள்ளிப்போடாதீர்கள். தொண்டைக்கு மிளகுப் பால் குடித்துவந்தால் நிறுத்த வேண்டாம், ஆனால் அது உணவுக்குழாயில் போகிறது, நாணைத் தொடுவதே இல்லை. தொண்டை மரக்க ஸ்பிரே அடித்திருந்தால், மரப்பு போகும்வரை காபி வேண்டாம், புரையேறும்.